ஒல்லாந்தர் திருநாளும் நாகைப் பாலரும்

சென்ற ஆண்டு திருவருகைக் காலத்து நான்கு ஞாயிறுகளிலும், நாகப்பட்டினத்தில் எம் சபையின் ஓய்வுநாட்பள்ளிப் பாலருக்கு, அயல்நாட்டார் ஒருவர் கிறிஸ்து பிறப்புத் திருநாளைக் கொண்டாடும் முறையைக் கற்பிக்குமாறு எம்மைப் பணித்தனர். எளிய பணியென்றே முதலில் எண்ணினோம். பனி படிந்த கூரை, ஊசியிலை மரம், சறுக்குவண்டி, செந்நிற அங்கி பூண்ட முதியவர் ஆகிய இவை பொலியும் படங்கள் நான்கினைச் சுவரில் ஒட்டினோம். முதல் ஞாயிறன்றே எம் எண்ணம் சிதைந்தது. படங்களை நெடுநேரம் உற்றுநோக்கிய எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி திரும்பி, "அண்ணா, நிஜக் கிறிஸ்மஸ் அங்கேதானே நடக்கிறது? நாம் சும்மா அதைப் பார்த்துத்தானே செய்கிறோம்?" என்று வினவினாள்.

யாம் உடனே விடை கூறவில்லை. அவள் வீட்டில் அந்நாளில் நிகழ்வன எமக்கு நன்கு தெரியும். ஐப்பசி கார்த்திகை அடைமழை ஓய்ந்து, வயலில் சம்பாப் பயிர் கதிர் வாங்கும் காலம் அது. மூங்கிற் பிளாச்சும் வண்ணத் தாளுங் கொண்டு தந்தை கட்டிய விண்மீன் விளக்கு வாசலில் தொங்கும். தாய் அதிரசமும் முறுக்கும் சுடுவாள். நள்ளிரவில் பாடகர் குழாம் தாளமும் மேளமுமாகச் சேறு மிதித்து வந்து வாயில்தோறும் பாடிச் செல்லும். உறங்கும் குழந்தைகளைப் பெற்றோர் தட்டி எழுப்பித் திண்ணைக்குக் கொணர்வர். இத்தனையும் போலி என்று அவள் எண்ணினாளாயின், அக்குற்றம் அவளுடையதன்று. படம் ஒட்டிய எம்முடையதே. பெத்லகேம் அந்தப் படத்திலுள்ள நாட்டிலும் இல்லை என்று சொல்லி அன்றைய பாடத்தை ஒருவாறு முடித்தோம். அவள் மனம் நிறைந்ததாகத் தெரியவில்லை.

வீடு சென்று ஆராய்ந்தோம். ஏதோ ஒரு பனிநாட்டைக் காட்டுவதினும், நம் ஊரோடு தொடர்புடைய நாடொன்றைக் காட்டுதல் நலம் எனத் தோன்றிற்று. அங்ஙனமாயின் ஒல்லாந்து தேசத்தினும் ஏற்றது வேறில்லை. டச்சுக்காரர் என மக்கள் வழங்கும் ஒல்லாந்தர், 1658 இல் போர்த்துக்கீசரிடமிருந்து நாகையைக் கைப்பற்றினர்; 1690 இல் சோழமண்டலக் கரையிலிருந்த தம் பண்டகசாலைகளுக்கெல்லாம் இதனைத் தலைமையிடமாக்கினர்; 1781 இல் ஆங்கிலேயரிடம் இழந்தனர். 123 ஆண்டுகள் இங்கு இருந்தவர் அவர். அவர்தம் கோட்டைக்கு 'ஐம்புலன்கள்' என்று பொருள்படும் பெயர் இட்டிருந்தனர் என்று கூறியபோது, மூக்குக் கோட்டை, காதுக் கோட்டை என்று பாலர் தமக்குள் பெயர் வைத்து நகைத்தனர். கோட்டை இன்று இல்லை. அவர்கள் எடுப்பித்த பேதுரு ஆலயமும், ஒல்லாந்த மொழி பொறித்த கற்களையுடைய கல்லறைத் தோட்டமும் உள்ளன. கடல்கடந்து வந்தாருடைய வழிபாடும் திருநாளும் இவ்வூருக்குப் புதியனவுமல்ல; இராசராச சோழன் காலத்தே ஸ்ரீவிஜய மன்னர் எடுப்பித்த சூடாமணி விகாரம் இங்கு இருந்தது என்பதைத் தமிழ் பயில்வார் அறிவர்.

இரண்டாம் ஞாயிறன்று நிக்கொலாஸ் கதையை எடுத்துக்கொண்டோம். ஒல்லாந்தப் பாலர் பெரிதும் எதிர்பார்த்திருப்பது டிசம்பர் 25 அன்று. 5ஆம் தேதி மாலையே பரிசு பெறும் வேளை. மறுநாள் தூய நிக்கொலாஸின் நினைவுநாள். அவர் நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கி நாட்டுக் கரையிலுள்ள மீரா நகரின் அத்தியட்சராக விளங்கியவர் என்பர். மூன்று குமரிகளைப் பெற்ற வறியவன் ஒருவன், சீர் கொடுக்க வகையின்றி அவர்களை இழிதொழிலுக்கு விற்க நேருமோ என்று கலங்கியிருந்தபோது, இரவில் யாரும் அறியாமல் அவன் வீட்டுச் சாளரத்தின் வழியே பொன்முடிப்பை எறிந்துவிட்டு அகன்றாராம். மேனாட்டு நூல்களில் இக்கதைக்கு விளக்கம் நீண்டிருக்கும். நம் பாலருக்கு ஒரு சொல்லும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "வரதட்சணைக்கா அண்ணா?" என்றான் ஒருவன். ஆம் என்றோம்; அவ்வளவே. நிக்கொலாஸ் கப்பலோட்டிகளுக்கும் காவலர் என்று சொன்னபோது, மீனவர் வீட்டுப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தனர்.

அந்நாட்டுச் சிறுவர், நிக்கொலாஸ் வெள்ளைக் குதிரையேறிக் கூரைகளின்மேல் வருவார் என நம்பி, அடுப்பருகே தம் காலணியை வைத்து, அதனுள் குதிரைக்கு வைக்கோலும் மஞ்சள் முள்ளங்கியும் இட்டு உறங்குவர். காலையில் அவ்விடத்தே இனிப்பு இருக்கும். 'காலணி வீட்டுக்குள்ளா?' என்பதே வகுப்பில் எழுந்த முதல் வியப்பு. நம் செருப்புகள் நாள்தோறும் வாயிலிலேதான் கிடக்கின்றன. ஆகவே நம் ஊருக்கு அவர் வந்தால் கூரை ஏறும் தொல்லை இல்லை என்று தாமே முடிவு செய்துகொண்டனர். வைக்கோலுக்கும் தஞ்சைத் தரணியில் பஞ்சமில்லை. ஒல்லாந்தும் ரைன், மாஸ் ஆகிய ஆறுகள் கடலொடு கலக்கும் கழிமுக நாடே என்றும், அதன் நிலத்தில் நாலில் ஒரு பங்கு கடல்மட்டத்திற்குக் கீழே கிடக்கிறது என்றும், ஈரநிலத்தில் உழைப்பதற்கென்றே அந்நாட்டு உழவர் மரத்தாலான மிதியடி பூண்டனர் என்றும் எடுத்துரைத்தோம். கடைமடை ஊர்ப் பிள்ளைகளுக்குச் சேற்றின் இயல்பை யார் சொல்லித்தர வேண்டும்!

வழக்கங்கள் ஓரிடத்தே நிற்பனவல்ல என்பதற்கும் இந்நிக்கொலாஸே சான்று. சீர்திருத்தச் சபையாரில் பலர் இவ்விழாவை வெறுத்தனர். 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்த நகரங்கள் சில இதற்கெனப் பண்டம் விற்பதைக்கூடத் தடை செய்தன. ஆயினும் வீடுகளில் அது அழியவில்லை. அமெரிக்காவில் ஒல்லாந்தர் அமைத்த குடியேற்றம் 1664 இல் ஆங்கிலேயர் கைப்பட்டு நியூயார்க் ஆயிற்று. 'சின்டர்கிளாஸ்' என்ற அவர்தம் சொல்லே அந்நாட்டில் திரிந்து 'சாண்டா கிளாஸ்' எனப்பட்டது. அவரே அங்கிருந்து உலகெலாம் சுற்றிக் 'கிறிஸ்மஸ் தாத்தா' என்னும் பெயரோடு நம் பாடகர் குழாத்தின் முன்னே ஆடிக்கொண்டு நாகைத் தெருவில் வருகிறார். ஒல்லாந்தர் 123 ஆண்டு நம்மூரில் இருந்தும் அவர் வழியே வராத தாத்தா, உலகைச் சுற்றி இங்கு வந்து சேர்ந்தார் என்பது எமக்கே வேடிக்கையாயிருந்தது.

மூன்றாம் ஞாயிறன்று எம் அன்னையாரின் அஞ்சறைப் பெட்டியை வகுப்பிற்குக் கொண்டு சென்றோம். நிக்கொலாஸ் நாளை ஒட்டி ஒல்லாந்தர் வீடுகளில் 'ஸ்பேகுலாஸ்' என்றொரு மாவுப் பணியாரம் சுடுவர். அச்சில் அழுத்தி உருவம் எடுத்த மொறுமொறுப்பான பண்டம் அது. அதன் மணமெல்லாம் பட்டை, கிராம்பு, சாதிக்காய், சுக்கு, ஏலம் ஆகியவற்றின் மணமே. அவற்றை ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்து, கண்களை மூடி முகர்ந்து பெயர் சொல்லுமாறு கேட்டோம். சாதிக்காய் ஒன்றிலே பலர் தடுமாறினர். பின்னர், 'இவற்றுள் எது ஒல்லாந்தில் விளைவது?' என்று வினவினோம். ஒன்றும் இல்லை என்பதை அவர்களால் முதலில் நம்ப முடியவில்லை. பட்டை இலங்கையது, ஏலம் மலையாளக் கரையது, கிராம்பு மொலுக்காத் தீவுகளது, சாதிக்காய் அக்காலத்தே பாண்டாத் தீவுகளில் மட்டுமே விளைந்தது. அப்பாண்டாத் தீவினரை 1621 இல் ஒல்லாந்த வணிகப் படையினர் பெரும்பாலும் அழித்துவிட்டே சாதிக்காயைத் தமதாக்கினர்.

இனி, எம் பாடத்தின் உயிர்நிலையான செய்தி ஒன்று உண்டு. அத்தீவினர் தம் கிராம்பிற்கும் சாதிக்காய்க்கும் ஈடாக விரும்பிய பொருள்களுள் தலையாயது இந்தியத் துணி. அத்துணியை ஒல்லாந்தர் பெரிதும் வாங்கியது சோழமண்டலக் கரையிலே. நம் நாட்டு நெசவாளர் தறியில் நெய்து, சாயமிட்டு, மூட்டை கட்டிய பருத்தித் துணி, கப்பலேறிக் கீழ்கடல் சென்று கிராம்பாக மாறிற்று. அக்கிராம்பு மேல்கடல் சென்று ஆம்ஸ்டர்டாம் நகரத்து அடுப்பிலே பணியாரமாயிற்று. காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் ஈழத்துப் பண்டமும் கடாரத்துப் பண்டமும் குவிந்தமையைப் பட்டினப்பாலை கூறுவதை வகுப்பில் பயில்கின்ற எமக்கு, அதே கடலில் பின்னாளில் நிகழ்ந்த இவ்வாணிகம் ஏனோ அதுவரை நினைவில் நிற்கவில்லை. கரும்பலகையில் நாகை, பாண்டா, ஆம்ஸ்டர்டாம் என மூன்று புள்ளிகள் இட்டுக் கோடு இழுத்தோம். முதல் ஞாயிறன்று வினவிய அதே சிறுமி எழுந்து வந்து, நாகைப் புள்ளியைச் சுண்ணத்தால் இன்னும் பெரிதாக வரைந்துவிட்டு ஒன்றும் பேசாது தன் இடத்திற் சென்று அமர்ந்தாள்.

பரிசோடு செய்யுள் எழுதி வைக்கும் வழக்கமும் அவர்க்கு உண்டு. பரிசு பெறுவானுடைய சோம்பலையோ, வாயாடித்தனத்தையோ எள்ளி நகையாடும் பாட்டு அது. எழுதியவர் பெயர் இராது. நிக்கொலாஸே எழுதியதாகப் பாவனை. இதனை விளக்க எமக்குக் காளமேகப் புலவர் துணை புரிந்தார். நாகையில் காத்தான் என்பவன் சத்திரத்தில் உணவு வர நெடுநேரமாயிற்று என்று பசியோடு அவர் வசைபாடியதும், அவ்வசையையே புகழாகப் பொருள் மாற்றிச் சொன்னதும் தமிழ்நாட்டார் அறிந்த கதை. அதே ஊர்ப் பிள்ளைகள் வசைபாடக் கற்பதற்குத் தடையென்ன? ஒருவரையொருவர் எள்ளி ஈரடிப் பாட்டு எழுதுமாறு விட்டோம். இலக்கணம் எவ்வகையிலும் அமையவில்லை. எதுகை மட்டும் அருமையாக அமைந்தது. எம்மைக் குறித்தும் ஒரு பாட்டு வந்தது. அதனை ஈண்டு வெளியிட விரும்பவில்லை. பெயரின் முதலெழுத்தை இனிப்புக் கட்டியாக வார்த்துக் கொடுப்பதும் அந்நாட்டு வழக்கம் எனக் கேட்டு, ஞகரத்தில் பெயர் தொடங்கும் ஒருத்தி தனக்கே மிகுதியாகக் கிடைக்கும் என்று மகிழ்ந்தாள். எழுத்து எதுவாயினும் எடை ஒன்றாக இருக்குமாறே வார்ப்பர் என்ற உண்மையைக் கேட்டு அவள் முகம் வாடியது.

அன்று மாலையே கடினமான வினா எழுந்தது. ஒல்லாந்தர் விழாப் படம் ஒன்றில் நிக்கொலாஸின் அருகே முகத்தில் கரி பூசி, உதட்டில் செந்நிறம் தீட்டி, சுருள்மயிர் தரித்த ஏவலன் ஒருவன் நிற்பதைப் பன்னிரண்டு வயதுப் பையன் சுட்டிக்காட்டி, "வேலைக்காரன் மட்டும் ஏன் கறுப்பு?" என்றான். வகுப்பு முழுவதும் தம்தம் கைகளை நோக்கிற்றோ என்று எமக்கு ஓர் உணர்வு.

அப்படத்தை எடுத்துவிட்டிருக்கலாமே என்று உடன் கற்பிக்கும் தோழர் பின்னர் எம்மைக் கடிந்துகொண்டார். யாம் அங்ஙனம் நினைக்கவில்லை. நம் பிள்ளைகள் அப்படத்தை வேறெங்கேனும் தனியே காண்பர். அப்போது அருகிருந்து விடை சொல்வார் யார்? ஆதலின் அறிந்ததைக் கூறினோம். அவ்வேவலன் பழமையான மரபினன் அல்லன். 1850 இல் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த யான் ஸ்கெங்க்மன் என்னும் பள்ளி உபாத்தியாயர் பாலர்க்கென வெளியிட்ட படநூலே அவனை விழாவில் நிலைபெறச் செய்தது. நிக்கொலாஸ் நீராவிக் கப்பலில் வருகிறார் என்பதும் அந்நூலின் வழியே பரவியது. அன்று ஒல்லாந்தர் ஆட்சியிலிருந்த சூரிநாமில் அடிமை முறை சட்டப்படியே நடந்துவந்தது; 1863 இல்தான் அது ஒழிந்தது. அந்நாட்டிலேயே கறுப்பினத்தாரும் அவரோடு பிறரும் பல ஆண்டுகள் எதிர்ப்புக் காட்டினர். 2011 முதல் அவ்வெதிர்ப்பு வலுத்துப் பல நகரங்களில் கரி பூசும் வழக்கம் கைவிடப்பட்டது. புகைக்கூண்டின் வழியே வந்தவன் என்பதற்கு அடையாளமாகக் கன்னத்தில் சிறிது புகைக்கறை மட்டும் தீட்டிக்கொள்வர் இப்போது. உபாத்தியாயர் ஒருவர் பாலர்க்கு வரைந்து கொடுத்த படம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு நாட்டைப் பற்றி நின்றது என்பதை எண்ணியபோது, சுவரில் எம் கையால் ஒட்டிய படங்கள் நினைவிற்கு வந்து உறுத்தின.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆயினும் பையன் விடவில்லை: "நம் ஊரிலிருந்தும் அடிமைகளைக் கொண்டு போனார்களா?" என்றான். கொண்டு போயினர். 1659 முதல் 1661 வரை, பிஜப்பூர்ப் படைகள் தஞ்சை நாட்டைச் சூறையாடிப் பஞ்சம் மூண்டபோது, சோறின்றி வாடிய மக்கள் தம்மையும் தம் மக்களையும் விற்றனர். நாகை, பழவேற்காடு முதலிய துறைகளில் ஒல்லாந்தக் கும்பனியார் 8,000 முதல் 10,000 பேர் வரை விலைக்கு வாங்கினர் என்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுள்ளனர். பெரும்பாலோர் இலங்கைக்கும், சிலர் பத்தாவியாவிற்கும் மலாக்காவிற்கும் அனுப்பப்பட்டனர். பொன்முடிப்பு எறிந்து மூன்று பெண்களை விற்பனையினின்று மீட்ட அத்தியட்சரின் கதையைப் போற்றிய நாட்டாரே அவர். இதனை யாம் பிள்ளைகளிடம் அவ்வாறு இணைத்துச் சொல்லவில்லை. ஒருத்தி தானே சொன்னாள்: "அப்போது யாரும் சன்னல் வழியாகப் பணம் போடவில்லையா?" யாம் அறிந்தவரை இல்லை என்றோம்.

இவ்வளவும் சொல்லிய பின் ஒல்லாந்தர்மேல் பிள்ளைகளுக்கு வெறுப்புண்டாகும் என்று அஞ்சினோம். அஞ்சியவாறு நேரவில்லை. பணியாரம் எப்படியிருக்கும் என்று கேட்பதை அவர்கள் நிறுத்தவேயில்லை. ஒருவர் வீட்டு அடுப்பில் பட்டையும் கிராம்பும் இட்டுச் சுட்டுப் பார்த்தோம். வெல்லம் சேர்த்தமையால் ஒல்லாந்தர் அதனைத் தமதென ஒப்புவரோ மாட்டாரோ, ஒரு துண்டும் எஞ்சவில்லை.

கடைசி ஞாயிறன்று கிறிஸ்து பிறப்பு நாளுக்கு வந்தோம். அதனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: ஆலயம் செல்வர், மரத்தில் விளக்கேற்றுவர், வீட்டாரோடு உண்பர். நமக்கு வேறாயிருப்பது ஒன்றே. டிசம்பர் 26 அவர்க்கு 'இரண்டாம் கிறிஸ்மஸ் நாள்'. பெருநாளின் மறுநாளையும் ஆசரிக்க வேண்டும் என்பது 1618-19 இல் டார்ட் நகரில் கூடிய சபைச் சங்கம் வகுத்த ஒழுங்கிலேயே உள்ளது. இன்றும் அது அரசாங்க விடுமுறை. உற்றார் வீடு சென்று விருந்துண்டு மகிழும் நாள். கரும்பலகையில் 26 என்று எழுதிவிட்டுத் திரும்பியபோது வகுப்பு அமைதியாயிருந்தது.

அவ்வெண் நாகையில் எதனைக் குறிக்கும் என்பதை எழுதத் தேவையில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் ஊருக்குள் புகுந்து, அந்நாளைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேற்பட்டோரைக் கொண்டு சென்றது. வேளாங்கண்ணியில் திருநாளுக்கென வந்திருந்த யாத்திரிகரும் அவருள் அடங்குவர். அவ்வகுப்பிலிருந்த பாலர் அனைவரும் அதன் பின் பிறந்தவர், யாமும் அங்ஙனமே. எனினும் அந்நாளில் மீனவர் கடலுக்குச் செல்லார் என்பதும், கரையில் பால் ஊற்றி மலர் தூவுவர் என்பதும் அவர்களுக்கு நடை பயிலும்போதே தெரிந்தவை. அக்கரைப்பேட்டையிலிருந்து வரும் சிறுவன் ஒருவன் மெல்லக் கேட்டான்: "அண்ணா, அவர்கள் ஊரிலும் தரை பள்ளம் என்றீர்களே. கடல் உள்ளே வந்திருக்கிறதா?"

வந்திருக்கிறது. 1717ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் இரவு, கிறிஸ்து பிறப்பு விடியுமுன்னரே, வடகடல் பெரும்புயலில் கரைகளை உடைத்துக்கொண்டு ஒல்லாந்து, ஜெர்மனி, டென்மார்க்கு நாடுகளின் தாழ்நிலத்தில் பாய்ந்தது. ஏறக்குறைய 14,000 பேர் மாண்டனர். அதனை அவர்கள் 'கிறிஸ்மஸ் வெள்ளம்' என்றே வழங்குவர். 1953ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளிலும், அதுவும் ஒரு ஞாயிறு, கடல் மீண்டும் புகுந்து ஒல்லாந்தில் மட்டும் 1,836 உயிர்களை உண்டது. அதன் பின்னரே இன்று உலகம் வியக்கும் பெரிய கடலணைகளை அவர்கள் கட்டினர்.

சிறுவன் நெடுநேரம் யோசித்தான். "அடுத்த வருஷமும் அவர்கள் கிறிஸ்மஸ் கொண்டாடினார்களா?" என்றான். கொண்டாடியிருப்பர் என்றோம். "நாமும்தான்," என்றான் அவன்.

அன்று பாடம் அரைமணி முன்னரே முடிந்தது. 26ஆம் நாள் காலையில் கடற்கரை நோக்கிச் சென்ற மௌன ஊர்வலத்தில் அவனைக் கண்டோம். தந்தை கையிலிருந்த பாற்செம்பைத் தான் வாங்கி, தளும்பாதவாறு இரு கையாலும் பற்றி முன்னே நடந்துகொண்டிருந்தான்.